பார் தேர்வு பர்சன்டைல்: எதை எதோடு ஒப்பிடக் கூடாது

இந்த வாரம் மூன்று பேர் தங்கள் மதிப்பெண் தாளை எனக்கு அனுப்பினார்கள். மூவரும் ஊரில் சட்டம் படித்து, அமெரிக்காவில் எல்எல்.எம். என்ற சட்ட முதுகலை முடித்து, நியூயார்க் பார் தேர்வு, அதாவது வழக்கறிஞராவதற்கான தகுதித் தேர்வு, எழுதித் தவறியவர்கள். மூவரும் வட்டமிட்டிருந்தது பர்சன்டைலை. நானும் அன்று அதைத்தான் முதலில் பார்த்தேன். பர்சன்டைல் என்றால் சரியான விடைகளின் சதவீதம் இல்லை, எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே என்பதுதான்.

ஜூலையையும் பிப்ரவரியையும் பக்கத்தில் வைப்பது

ஜூலையில் முதல் முறை எழுதியபோது எம்பிஇ-யில், அதாவது 200 கொள்குறி வினாக்கள் உள்ள பகுதியில், எனக்கு 128. முக்கால்வாசிப் பேர் எனக்கு மேலே. பிப்ரவரியில் 130. அதுவும் தோல்விதான், ஆனால் பர்சன்டைல் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிட்டது. வழி சரி, இன்னும் கொஞ்சம் உழைத்தால் போதும் என்று அதே நோட்டு, அதே கால அட்டவணையோடு அடுத்த ஜூலைக்குப் போனேன். மறுபடியும் தோல்வி.

நான் ஏறவே இல்லை. கூட வந்த கூட்டம்தான் மாறியிருந்தது. மே மாதம் பட்டம் வாங்கிய புதியவர்கள் ஜூலையில் எழுதுகிறார்கள். பிப்ரவரி அரங்கில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு முறையாவது தவறியவர்கள். 2024 பிப்ரவரியில் எம்பிஇ-யின் நாடு தழுவிய சராசரி 131.8. அதே ஆண்டு ஜூலையில் 141.8. நியூயார்க்கில் தேற 400-க்கு 266 வேண்டும். எம்பிஇ அதில் பாதி என்பதால் 133. ஆக, பிப்ரவரியில் நட்டநடுவில் நிற்பவர் கோட்டுக்குக் கீழே. ஜூலையில் நடுவில் நிற்பவருக்கு எட்டுப் புள்ளி கையிருப்பு.

என் 128, 130 எல்லாம் ஸ்கேல்டு ஸ்கோர், சரியான விடைகளின் எண்ணிக்கை இல்லை. அது அப்படிக் கூட்டத்தைப் பொறுத்து ஆடாது. முன்பு கேட்ட சில வினாக்களை மறுபடி சேர்த்து, வினாத்தாளின் கடினத்தைச் சரிக்கட்டிய பிறகுதான் அதைத் தருகிறார்கள். அதனால் 128-ஐயும் 130-ஐயும் நேருக்கு நேர் வைக்கலாம். இரண்டே புள்ளி. அது என் தாளிலேயே அச்சாகியிருந்தது. அதைப் பார் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை என்பது இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரியில் போட்டி குறைவு என்று காத்திருப்பது

எம்பிஇ-யில் பலனில்லை, காரணம் மேலே சொன்னதுதான். தேர்வின் எழுத்துப் பகுதியில் வரும் கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் திருத்துகிறார்கள், உண்மை. ஆனால் அந்த மதிப்பெண்களை, அந்த மாநிலத்தில் அதே முறை எழுதியவர்களின் எம்பிஇ மதிப்பெண்களுக்குப் பொருத்திவிடுகிறார்கள். கூட்டம் தளர்ந்தால் அளவுகோலும் கூடவே இறங்கும்.

பயிற்சி நிறுவனத்தின் பர்சன்டைல்

அவர்களுடைய மாணவர்களுக்குள், அன்றுவரை அந்த மாதிரித் தேர்வை முடித்தவர்களுக்குள் மட்டும். ஒரு தம்பி ஜூனில் 60 என்று காட்டி, மறுநாளே கட்டுரைப் பயிற்சியை நிறுத்திவிட்டான். கட்டுரையில்தான் தவறினான்.

மதிப்பெண் இல்லாத 25 வினாக்கள்

200-ல் 25 வெறும் சோதனை வினாக்கள். எவை என்று அரங்கில் யோசிக்காதீர்கள்.

266

ஒரே பொதுத் தேர்வை நடத்தும் மாநிலங்களில், நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் இது போதும். டெக்சாஸ், மாசசூசெட்ஸ் 270 கேட்கின்றன. 268 வாங்கினால் நியூயார்க்கில் தேர்ச்சி. டெக்சாஸுக்கு அதே மதிப்பெண்ணை மாற்ற முடியாது.