பழைய கார் விளம்பரம்: நேரில் போகும் முன் கவனிக்க வேண்டியவை

புது இடத்துக்கு வந்த புதிதில் ஒவ்வொரு காரையும் நேரில் போய்ப் பார்க்க நேரமும் இருக்காது, கூட்டிப்போக ஆளும் கிடைக்காது. வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்ற அவசரம் வேறு. அதனால் வீட்டில் இருந்தபடியே விளம்பரங்களைக் கழித்துக்கட்டப் பழகுங்கள்.

முதலில் படங்கள். எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவையா? மறுபக்கத்தின் படத்தைக் கேளுங்கள். கார் ஈரமாக இருந்தால் கீறலும் பெயின்ட் வித்தியாசமும் கண்ணில் படாது. படத்தைப் பெரிதாக்கி, பானெட் (இன்ஜின் மூடி) ஓரத்து இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒரு பக்கம் அகலமாக இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டியாக இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது எடுத்த டாஷ்போர்டு படம் அவசியம், ஏனென்றால் அணைத்த வண்டியில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. மீட்டரில் 60,000 கிலோமீட்டர்தான், ஆனால் ஸ்டியரிங் தேய்ந்து பளபளக்கிறது, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று இருக்கிறது என்றால் அந்த மீட்டரை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம், ‘ஏசிக்கு காஸ் போட்டால் போதும்’ என்ற வரி. ஏசி காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது. அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அவ்வளவு சின்ன வேலை என்றால் விற்பவரே முடித்துவிட்டு விலையைக் கூட்டியிருப்பார்.

போனில் பேசும்போது எந்தக் கார் என்று சொல்லாமல், “கார் விளம்பரம் பார்த்தேன்” என்று மட்டும் சொல்லுங்கள். “எந்தக் கார்?” என்று கேட்டால் அவரிடம் பல வண்டிகள் இருக்கின்றன; சொந்தக் கார் என்று எழுதியிருந்தால் அது பொய்யாக இருக்க வாய்ப்பு அதிகம். பதிவு ஆவணம் அவர் பெயரில்தானா என்றும் கேளுங்கள். வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் எண்ணை வாங்குங்கள். 1981-க்குப் பிந்தைய கார்களில் அது பொதுவாக எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்டது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. பல நாடுகளில் இந்த எண்ணையோ நம்பர் பிளேட்டையோ வைத்து விபத்து விவரம், பாக்கிக் கடன் எல்லாம் பார்க்க முடியும். எண்ணைத் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

காரைப் பார்க்கும் முன் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருக்கிறார், காரை அனுப்பி வைப்பார் என்ற கதையும் இதே ரகம்தான். ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

சரி, இத்தனையும் தாண்டி ஒரு கார் தேறினால், கிளம்பும் முன் ஒன்று சொல்லிவையுங்கள்: நீங்கள் வரும்வரை அவர் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட் ஆகத் திணறுவதும், முதல் புகையும், தட்டும் சத்தமும் குளிர்ந்த இன்ஜினில்தான் நன்றாகத் தெரியும். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் முன்பே ஓட்டியிருக்கலாம்.