கிட்டார் பெடலுக்கு மைக்ரோகண்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் முதலில் செய்ய விரும்பியது ஒரு சாதாரண டிலே பெடல், அதாவது வாசித்ததைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் பெட்டி. கடிகார வேகத்தை மட்டும் பார்த்து ஒரு பலகையை வாங்கி, நிரலையும் எழுதி முடித்த பிறகுதான், அரை வினாடி எதிரொலியைத் தேக்கிவைக்கக்கூட அதில் இடமில்லை என்பது தெரிந்தது. எனவே இந்த விளக்கத்தில் மெகாஹெர்ட்ஸ் கடைசியில்தான் வரும். சால்டர் வைப்பதும் பலகையில் நிரலை ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: நினைவகக் கணக்கு

எந்த எஃபெக்ட் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிஸ்டார்ஷனுக்கும் ட்ரெமோலோவுக்கும் நினைவகம் ஏறக்குறையத் தேவையே இல்லை. டிலே, ரிவெர்ப், லூப்பர் ஆகியவை அப்படியல்ல. ஒலியை அளந்து எடுக்கும் எண்கள்தான் மாதிரிகள்; வினாடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்றால், ஒரு வினாடி ஒலிக்கு 96,000 பைட் தேவைப்படும். அதையே 32 பிட் தசம (float) எண்ணாகச் சேமித்தால் இரு மடங்காகும். நான் கோட்டை விட்டது இந்த இரு மடங்கில்தான். ஆர்டுயினோ உனோவில் இருப்பது 2 கிலோபைட் ரேம். அதை முழுவதும் ஒலிக்கே கொடுத்தாலும் 21 மில்லிவினாடிதான் கிடைக்கும். ராஸ்பெரி பை பிகோவின் 264 கிலோபைட்டில் 16 பிட் மாதிரிகளாக இரண்டு வினாடி டிலே தாராளமாக அடங்கும். ஒலி வேலைக்கென்றே உருவான டெய்சி சீட் பலகையின் 64 மெகாபைட்டில், தசம எண்களாகவே வைத்தாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் பதிவு செய்யலாம்.

படி 2: ஒலி உள்ளே வரும் வழி

பெடலின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒலியை எண்ணாக மாற்றும்போது ஒவ்வொரு பிட்டும், அடி இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே சுமார் 6 டெசிபெல் இடைவெளியைத் தருகிறது. 10 பிட்டுக்கு 60, 12 பிட்டுக்கு 72, 16 பிட்டுக்கு 96. காகிதத்தில் 72 போதும் போலத் தோன்றும். ஆனால் எண்ணாக மாற்றிய பிறகு நிரலில் டிஸ்டார்ஷனுக்காக 40 டெசிபெல் கூட்டினால், அடியில் கிடக்கும் இரைச்சலும் அதே 40 டெசிபெல் மேலே வந்துவிடும். ஒரு தந்தியை மீட்டி அப்படியே தேய விட்டுக் கேளுங்கள்: ஸ்வரம் மெல்ல அடங்காமல், கடைசியில் மணலைத் தேய்ப்பது போலக் கரகரத்து, சட்டென அறுந்துபோகும். ஆகவே சில்லின் உள்ளேயே இருக்கும் ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) நம்பாமல், ஐ2எஸ் என்ற ஒலித்தரவு இணைப்பு வழியாக இணையும் தனி ஆடியோ கோடெக்கைப் (ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லு) பயன்படுத்துங்கள். டெய்சி சீடில் அது பலகையிலேயே இருக்கிறது. டீன்சி என்ற பலகைக்குத் தனி ஆடியோ பலகை கிடைக்கிறது. பிகோவுக்கும் ஈஎஸ்பி32 பலகைக்கும் நீங்களே இணைத்துக்கொள்ள வேண்டும்.

கோடெக் இருந்தாலும் கிட்டாரை அதில் நேரடியாகச் செருகாதீர்கள். பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) எதிரே சுமார் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பிடன்ஸ்) இருக்க வேண்டும். கோடெக்கின் லைன் உள்ளீட்டில் அது மிகக் குறைவு என்பதால், கிட்டாரின் மேல் அதிர்வெண்கள் மங்கி, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். நடுவில் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர், அதாவது கிட்டாருக்குச் சுமையாகாமல் ஒலியைக் கடத்திவிடும் சிறு சுற்று, போதும்.

படி 3: வேகம்

கடிகார வேகத்தை 48,000-ஆல் வகுத்தால் ஒரு மாதிரிக்குக் கிடைக்கும் சுழற்சிகள் தெரியும். 16 மெகாஹெர்ட்ஸ் உனோவுக்கு 333, 133 மெகாஹெர்ட்ஸ் பிகோவுக்குச் சுமார் 2,770, 480 மெகாஹெர்ட்ஸ் டெய்சிக்கு 10,000. பிகோவின் முதல் பதிப்பில் தசமக் கணக்குக்கான தனி வன்பொருள் இல்லாததால், அந்த 2,770 எதிர்பார்த்ததைவிட விரைவில் கரையும். பிகோ 2-இல் அக்குறை இல்லை.

முதல் பெடலுக்கு என் தேர்வு டெய்சி சீட். நிரல் எழுதத் தயங்குபவர்கள் டீன்சி 4.1-ஐ எடுக்கலாம், உலாவியில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தாலே அதற்கான ஆடியோ நிரலின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். உனோவை ஒலிக்குப் பயன்படுத்துவது வீண் வேலை என்பது என் கருத்து. பொத்தான்களையும் விளக்குகளையும் பார்த்துக்கொள்ள அது நன்றாகவே உதவும்.

பின்சேர்க்கை: விசில் சத்தம்

இதைப் படித்துச் செய்து பார்த்த சிலர், வாசிக்காமல் இருக்கும்போதும் ஒரு மெல்லிய விசில் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். முதல் தந்தியின் 19-ஆம் ஃப்ரெட்டுக்கு மிக அருகில் அது ஒலித்தால், அதாவது சுமார் 1,000 ஹெர்ட்ஸில் இருந்தால், காரணம் அநேகமாக நிரலின் பிளாக் அளவுதான். 48 மாதிரிகளை ஒரு பிளாக்காகக் கையாளும்போது, செயலி வினாடிக்கு 1,000 முறை விழித்து மின்சாரத்தை இழுக்கிறது. அந்த இழுப்பு, பொதுவான கிரவுண்ட் கம்பி வழியாக பஃபருக்குள் புகுந்துவிடுகிறது. சோதிப்பது எளிது: பிளாக்கை 24 ஆக்குங்கள். விசில் ஓர் ஆக்டேவ் மேலே ஏறினால் நோய் அதுவே. பஃபருக்கும் பலகைக்கும் தனித்தனி கிரவுண்ட் கம்பிகளை மின்செருகியிலிருந்தே இழுத்து, பஃபரின் மின்வழியில் 100 ஓம் மின்தடையையும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் வைத்த பிறகு, என் பெடலில் அது ஆம்ப்பில் காதை வைத்தால்கூடக் கேட்காத அளவுக்கு அடங்கியது.