கைகால் தளர்ந்து பொட்டாசியம் குறைந்திருந்தால் சிறுநீரகத்தையும் சோதியுங்கள்

சித்தூர், பலமனேர், குடியாத்தம் வட்டாரத்தில் காலையில் எழும்போது இரண்டு கால்களும் தளர்ந்து ஒருவர் படுத்துவிட்டால், வீட்டார் பக்கவாதம் என்று பதறி அருகிலுள்ள கிளினிக்குக்குத் தூக்கி வருவார்கள். நினைவும் தொடுவுணர்வும் தெளிவாக இருந்து, ரத்தப் பொட்டாசியம் இயல்பின் கீழ் எல்லையான 3.5-க்கு வெகுவாகக் கீழே இருந்தால், சீட்டில் பெரும்பாலும் ‘பீரியாடிக் பராலிசிஸ்’ (அவ்வப்போது வந்து போகும் தசைத் தளர்வு) என்று எழுதப்படும். அதே தோற்றத்தில் வருகிற அரிய சிறுநீரக நோய் டிஸ்டல் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ். பொட்டாசியம் கொடுத்தால் இரண்டிலுமே நோயாளி எழுந்து நடந்துவிடுவார். ஆகவே குணமானதை நோயறிதலுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

முதல் ரத்தச் சோதனையிலேயே குளோரைடையும், அமிலத்தை ஈடுகட்டும் காரப்பொருளான பைகார்பனேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பீரியாடிக் பராலிசிஸில் பொட்டாசியம் செல்களுக்குள் ஒதுங்குகிறது. பைகார்பனேட் இயல்பாக இருக்கும், தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். சிறுநீரக நோயிலோ நுண்குழல்கள் அமிலத்தை வெளியேற்றத் தவறுவதால் பைகார்பனேட் இறங்கிக் குளோரைடு ஏறும். சோடியம் 140, குளோரைடு 116, பைகார்பனேட் 14 என்று வந்தால், முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டையும் கழிக்க 10 மிஞ்சும். இந்த மிச்சத்தை ‘அனயான் இடைவெளி’ என்பார்கள்; 10 இயல்பானதே, அதாவது பைகார்பனேட் இறங்கிய அளவுக்குக் குளோரைடு ஏறியிருக்கிறது. வயிற்றுப்போக்கும் இப்படிக் காட்டும் என்பதால் அதை விசாரித்துவிடுங்கள்.

அடுத்து, பொட்டாசியம் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீர் பிடித்து அதிலுள்ள பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் அளக்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் இல்லாத பொட்டாசியம் சிறுநீரில் தாராளமாகப் போனால் கசிவு சிறுநீரகத்தில்தான். ரத்தம் அமிலமாக இருந்தும் சிறுநீரின் பி.எச். (அமிலம் கூடினால் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்காவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் வேலூர் லேபுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் மாதிரியின் பி.எச். ஏறிவிடும்; பிடித்தவுடனே அங்கேயே பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்றும் அதை ஏற்றிக் காட்டும்.

ஸ்கேனில் சிறுநீரகச் சுண்ணப் படிவோ கல்லோ தெரிகிறதா என்று பாருங்கள். பெண்களிடம் கண்ணும் வாயும் உலர்கின்றனவா என்று கேளுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் இந்தச் சிறுநீரக நோய்க்கு முக்கியமான காரணம். வைட்டமின் டி கொடுத்தும் கால் வளைவு நேராகாத, வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு இந்நோயின் பரம்பரை வகை இருக்கலாம்; செவித்திறனையும் சோதியுங்கள்.

சோர்வுக்கு வழக்கமாகப் போடும் குளுக்கோஸ் டிரிப் இங்கே ஆபத்து: இன்சுலின் சுரந்து பொட்டாசியம் மேலும் இறங்கும். பைகார்பனேட்டும் அவ்வாறே இறக்கும் என்பதால் பொட்டாசியத்தைத் திருத்திய பிறகே அதைக் கொடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ இ.சி.ஜி. மாறினாலோ பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள். தெளிந்த சில வாரங்கள் கழித்துப் பைகார்பனேட்டை மீண்டும் பாருங்கள். அப்போதும் குறைந்தே இருந்தால், எலும்பையும் சிறுநீரகத்தையும் காக்கப் பொட்டாசியம் சிட்ரேட் போன்ற காரமருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும்.