எல்க் வேட்டை: பைனாகுலர் போதுமா, ஸ்பாட்டிங் ஸ்கோப்பும் சுமக்கணுமா?

எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் வகை; ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ட்ரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ மலைக்காடு, முதல் எல்க் வேட்டை, ஒரு கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 10×42 பைனாகுலர் வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் ஸ்கோப் பக்கம் போகாதீர்கள், நல்ல ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப் மூன்றாவதாக வரட்டும். ஏன் இந்த வரிசை, வாங்கிய பிறகு எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதுதான் இந்தப் பதிவு.

டேக் (எல்க் சுட அரசு தரும் அனுமதி), ஹன்டர் எஜுகேஷன் கார்டு, ஆரஞ்சு உடுப்பு எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன். எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அமெரிக்கச் சட்டப்படி உங்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கும் உண்டு. துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

படி 1: இடத்தைப் பாருங்கள்

வரைபடத்தைத் திறந்து, உட்காரப்போகும் மேட்டிலிருந்து எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்று பாருங்கள். ஆரிகன் கடலோரக் காட்டில் ரூஸ்வெல்ட் எல்க் தேடுகிறவருக்கு நூறு மீட்டர் தெரிந்தாலே பெரிது. அங்கே ஸ்கோப் வெறும் சுமை. கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் மரம் வளராத உயரத்துக்குப் போய்விட்டால், அல்லது வயோமிங்கின் சேஜ் புதர்வெளி என்றால், இரண்டு கிலோமீட்டர் தாண்டியும் விலங்கு தெரியும். அரிசோனா பள்ளத்தாக்குகளில் பழகியவர்கள் பலர் 15×56 பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டி மணிக்கணக்கில் பார்ப்பார்கள்.

பருவமும் முக்கியம். செப்டம்பர் வில்வேட்டையில் ஆண் எல்க் கத்திக்கொண்டே இருக்கும், காதாலேயே பாதி வேலை முடிந்துவிடும். அக்டோபர், நவம்பர் ரைபிள் சீசனில் பெரும்பாலும் வாயே திறக்காது. அப்போது கண்தான்.

படி 2: எண்களைப் படியுங்கள்

10×42 என்றால் பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுங்கள்: 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். 20–60×65 ஸ்கோப்பை 60-க்குத் திருகினால் இதே கணக்கில் 1.1தான் வரும். எல்க் வெளியே மேய்வது விடியலிலும் அந்தியிலும். அந்த நேரத்தில் உங்கள் கண்மணி நன்றாக விரிந்திருக்கும், 1.1 மி.மீ. ஒளி அதற்குப் போதவே போதாது. பெட்டியில் 60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எடை: 10×42 சுமார் 700 கிராம், நெஞ்சுப் பட்டையில் கிடக்கும். 65 மி.மீ. ஸ்கோப் ஒன்றரைக் கிலோ பக்கம், அதைத் தாங்கும் ட்ரைபாட் இன்னொரு ஒன்றரை. 3,000 மீட்டர் உயரத்தில் அந்த மூன்று கிலோ ஒவ்வொரு ஏற்றத்திலும் பேசும்.

படி 3: டயாப்டர்

இரண்டு கண்ணுக்கும் உள்ள பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அமைப்பு இது. சீக்கிரம் முடித்துவிடலாம். நூறு மீட்டரில் ஒரு மரத்தைப் பாருங்கள். வலது முன்கண்ணாடியை உள்ளங்கையால் மூடி (கண்ணை இடுக்காதீர்கள், பார்வை மாறிவிடும்), நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடிக்கொண்டு, வலது ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் பக்கம்) உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். தெளிந்ததும் வளையத்தின் மேல் எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் அரைமணி நேரத்தில் தலைவலி என்று பைனாகுலரை இறக்கி வைக்கிறார்கள்.

படி 4: ட்ரைபாடில் மாட்டுவது

எல்லோரும் திணறும் படி இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பைனாகுலரை முன்பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். இரண்டு குழாய்களும் சேரும் கீலின் நுனியில், கம்பெனி சின்னம் போட்ட வட்டமான ஒரு சின்ன மூடி இருக்கும். பார்த்தால் அலங்காரத்துக்கு ஒட்டியது மாதிரிதான் தோன்றும். அது திருகு. தொழிற்சாலையில் இறுக்கமாகப் போட்டிருப்பார்கள், விரல் வழுக்கும். ரப்பர் கையுறை போட்டு இடப்பக்கம் திருகினால் வந்துவிடும். இடுக்கி வேண்டாம், விளிம்பு நசுங்கும். உள்ளே கால் அங்குல மரை இருக்கும், கேமராவின் அடியில் இருக்கிற அதே மரைதான். விலை குறைந்த சில மாடல்களில் மூடிக்குப் பின்னால் மரையே இருக்காது. கடையிலேயே கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மரையில் மாட்ட இரண்டு வழி. எல் வடிவத் தகடு மலிவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் திருகிக் கழற்ற வேண்டும். எனக்குப் பிடித்தது மரையிலேயே நிரந்தரமாக இருக்கும் சின்ன ஸ்டட்; ட்ரைபாடில் உள்ள பிடியில் வைத்தால் நின்றுவிடும், தூக்கினால் வந்துவிடும். எல்க் திடீரென்று எழுந்து நடக்கும்போது எல் தகட்டைத் திருகிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ட்ரைபாட் தலை, நிதானமாக வழுக்கித் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட்டாக இருக்கட்டும். உருண்டை மேல் எந்தப் பக்கமும் சாயும் பால் ஹெட் போட்டோவுக்குச் சரி. மலைச்சரிவை இடமிருந்து வலமாக நிதானமாகத் துழாவ அது லாயக்கில்லை, தளர்த்தியதும் தலை தொங்கிவிடும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றடித்தால் ஆடும். வீட்டிலேயே தரையில் உட்கார்ந்து, அந்த உயரத்துக்குக் கால்களை விரித்து, கழுத்தை நீட்டாமல் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

மாட்டி முடித்ததும் கையில் பிடித்துப் பார்த்த அதே சரிவை மறுபடி பாருங்கள். கையில் இருக்கும்போது வெறும் புதராகத் தெரிந்த இடத்தில் காது அசைவது தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி உங்கள் கைநடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்குகிறது. அதை நிறுத்தினாலே பாதி ஸ்கோப் வாங்கிய மாதிரி.

படி 5: தேடுவது

முழு எல்க்கைத் தேடாதீர்கள். நெட்டுக்குத்தாக நிற்கும் மரங்களுக்கு நடுவே கிடையாக ஒரு கோடு, அது முதுகு. வெளிர் மஞ்சளாகப் பின்புறம். உடம்பைவிடக் கறுத்த கழுத்து. ஒரு காட்சிவட்டத்தில் ஓரம் முதல் ஓரம் வரை கண்ணை ஓட்டிவிட்டு, பிறகுதான் ட்ரைபாடைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். பழைய வட்டத்தில் கால்வாசி புதியதிலும் வரட்டும். விடியலில் புல்வெளி ஓரங்கள், வெயில் ஏறியதும் வடக்குப் பார்த்த சரிவில் அடர்ந்த காட்டின் நிழல்.

ரைபிள் மேல் இருக்கும் ஸ்கோப்பால் எதையும் தேடக் கூடாது. நீங்கள் பார்க்கிற இடத்தையெல்லாம் துப்பாக்கிக் குழலும் பார்க்கிறது. அசைவது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

அப்போ ஸ்கோப் எதற்கு?

கொம்பு எண்ண. கொலராடோவின் பல பகுதிகளில் ஆண் எல்க்கைச் சுட வேண்டுமானால் ஒரு கொம்பில் குறைந்தது நான்கு கிளை இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 அங்குல நீளமாவது உள்ள புருவக்கிளை (கொம்பின் அடிப்பக்கத்தில் முளைக்கும் கிளை) இருக்க வேண்டும். 800 மீட்டரில் நிற்கும் விலங்கு 10 மடங்கில் 80 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 80 மீட்டரில், பின்னால் காய்ந்த கிளைகள் இருக்க, ஐந்து அங்குலக் கிளையை உறுதியாகச் சொல்வது கஷ்டம். 40 மடங்கில் அதுவே 20 மீட்டர் ஆகிவிடும். ஒன்றரை மணி நேரம் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போன பிறகு அது சுடக்கூடாத இளம் எல்க் என்று தெரிவதைவிட, உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்வது மேல்.

ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் பார்த்ததைச் சுட்டால் கறியையும் அங்கிருந்துதான் முதுகில் சுமந்து வர வேண்டும். எலும்பு நீக்கினாலும் ஒரு பெரிய ஆண் எல்க் ஒரே நடையில் தீராது. பகல் மட்டும் வேட்டையாடி, இரவு காருக்குத் திரும்புகிறவருக்கு அவ்வளவு தூரம் தெரிந்து பெரிதாக லாபமில்லை. கூடாரம் போட்டு நாலைந்து நாள் தங்குகிறவருக்கு ஸ்கோப் உதவும். இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் பைனாகுலர், நடுவில் ஒரு ஸ்கோப், சுமையைப் பிரித்துக்கொள்ளலாம்.

வாங்குவதென்றால் 50–55 மி.மீ. சின்ன ஸ்கோப் போதும் என்பேன். கோவா (Kowa) கம்பெனியின் 15–45×55, வோர்டெக்ஸ் ரேசர் 11–33×50 இரண்டுமே ஒரு கிலோவுக்குள். விலை கடிக்கும், முக்கியமாகக் கோவா. தொடங்குகிறவர்களுக்கு நேர் ஐபீஸ் நல்லது, பைனாகுலரில் பார்த்த இடத்தைச் சட்டென்று பிடிக்கலாம். சாய்ந்த ஐபீஸ் கழுத்துக்குச் சுகம், ஆனால் இலக்கைத் தேடவே பழக்கம் வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் கானல் ஆடும்; அப்போது மடங்கைக் கூட்டினால் இன்னும் மோசமாகும், 20-க்கு இறக்குங்கள்.

பின்சேர்க்கை

மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு ஓரம் கறுப்பாக மறைகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஐபீஸின் ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிடுங்கள். அப்படியும் மறைந்தால் அந்த மாடலின் ஐ ரிலீஃப் (முழு வட்டமும் தெரிய ஐபீஸுக்கும் கண்ணுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) குறைவு. 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடியில் ஆவி மாதிரிப் பனி படிவது பற்றிக் கேட்டவருக்கு: இரவில் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வதும், நடக்கும்போது கோட்டுக்குள் சூடாக வைப்பதும்தான் காரணம். குளிர்ந்த காற்றிலேயே கிடக்கட்டும். ஐபீஸுக்கு நேராக மூச்சு விடாமல் கீழ்நோக்கி விடுங்கள். துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணி. சட்டை நுனியால் துடைத்தால் மேல்பூச்சு கீறிவிடும்.