விளையாட்டுத் திடல் யாருக்கு? மக்களைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, விளையாட வருபவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்று 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு எழுந்த வேகத்தில், ஓரிரு நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வடசென்னையில் மாலை வேளையில் எந்தத் திடலுக்குப் போய்க் கேட்டிருந்தாலும், இந்தக் கட்டணத்தை யாரால் கொடுக்க முடியாது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

முடிவை எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். டெண்டர் முடிந்து, ஊஞ்சலும் சறுக்கு மரமும் எங்கே வரும் என்று வரைபடமும் தயாரான பிறகு கூட்டம் கூட்டினால், மக்கள் சொல்வதற்குப் பெயின்ட் நிறத்தைத் தவிர வேறென்ன மிச்சம் இருக்கும்? செலவு மதிப்பீடு தயாராகும் முன்பே, நிலம் வெறும் நிலமாக இருக்கும்போதே கேட்க வேண்டும். அதற்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கும் விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடத் தொடங்கின. குப்பை, சாக்கடை, தெருவிளக்குப் புகார்களோடு கூட்டத்தை முடித்துவிடாமல், “இந்தக் காலி இடத்தில் என்ன வேண்டும்?” என்ற கேள்வியை அங்கே வைக்கலாம்.

நிலம் தேர்வாகும்போதே யாரும் கேட்கப்படாத ஒரு வகை உண்டு: திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது ஓ.எஸ்.ஆர். நிலம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பத்து சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். அங்கே வீடு கட்டப்போகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள் என்பதால் மனை போடுபவர் காட்டும் இடமே பூங்காவாகிறது. மழைக்குத் தண்ணீர் தேங்கும் மூலை, மின்கம்பி போகும் ஓரம் என்று அது அமைந்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே வாழ்பவர்களையாவது அந்தக் கட்டத்தில் கேட்கலாமே!

அடுத்த தவறு, குடியிருப்போர் நலச்சங்கத்தோடு பேசிவிட்டு மக்களோடு பேசியதாகக் கணக்கு வைப்பது. சங்கத்தில் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் ‘8’ வடிவ நடைபாதையும் உட்கார இருக்கையும் நியாயமான தேவைகள்தான். அவர்களை மட்டும் கேட்டால் இடம் முழுவதும் நடைபாதையாகி, வாசலில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகை தொங்கும். வாடகைக்கு இருப்பவரும், வாரியக் குடியிருப்பில் ஒற்றை அறையில் பிள்ளைகளை வளர்ப்பவரும், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் வேலை நாள் காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? ஞாயிறு மாலை வைக்க வேண்டும். அவர்கள் தெருவிலேயே வைக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கோபம் தருவது, விளையாடப்போகிற பிள்ளைகளையே கேட்காமல் விடுவது. தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையும் விளையாடும் உரிமையும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இருக்கின்றன. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஓர் ஓவியப் போட்டி, பரிசு, குழுப் படம். குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாக 1992-இல் விளக்கிய ரோஜர் ஹார்ட், பிள்ளைகளை அலங்காரத்துக்கு நிறுத்துவதைப் பங்கேற்பாகவே எண்ணவில்லை.

“என்ன வேண்டும்?” என்று மட்டும் கேட்பதும் போதாது. பார்த்ததைத்தான் கேட்பார்கள்: ஊஞ்சல், சறுக்கு மரம். “இப்போது எங்கே விளையாடுகிறாய்? அங்கிருந்து உன்னை விரட்டுவது யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பள்ளி விட்டு வரும் நான்கரை மணிக்கு ஐந்தாறு பிள்ளைகளோடு அந்த இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்தச் சந்தில் நாய் துரத்தும், சாலையை எங்கே கடக்கப் பயம், எந்த மரத்தடியில் மாலை வரை நிழல் நிற்கும் என்று காட்டிக்கொண்டே வருவார்கள். மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில் இரும்புத் தகட்டுச் சறுக்கு மரத்தை நட்டுவைத்தால் அந்த நேரத்துக்குத் தொடையில் சூடு பட்டுவிடும். மதியத்துக்கு முன் வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேட்க வேண்டும். பையன்கள் நடுவில் நிறுத்திக் கேட்டால் பேச மாட்டார்கள். ஏறத்தாழப் பத்து வயதுக்குப் பிறகு பூங்காக்களில் பெண் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துவிடுவதை வியன்னா நகராட்சி 1990-களில் ஆய்வில் கண்டறிந்தது. பந்து விளையாடும் பையன்களே இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1999-இல் ஐன்சீட்லர் பூங்காவைத் திருத்தியமைத்தபோது கைப்பந்து, பேட்மின்டன் ஆட இடம் வந்தது, நடைபாதைகள் கூடின, பெரிய வெளி சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெண் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். நம் ஊரில் இதோடு கழிப்பறையும் விளக்கும் சேர வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தையையும் இதே கட்டத்தில் அழைத்து வந்து, வாசலிலிருந்து ஊஞ்சல் வரை போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு சாய்தளம் கட்டியதோடு அந்த வேலை முடிவதில்லை.

கேட்டபின் பதில் சொல்லாமல் இருப்பதும் தவறுதான். எது ஏற்கப்பட்டது, எது முடியாது, ஏன் முடியாது என்று அதே தெருவுக்கு வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது. ஆம்ஸ்டர்டாமில் 1947-இல் ஒரு சதுக்கத்தில் சிறிய விளையாட்டிடம் ஒன்று அமைந்தது. அதைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள், நகராட்சியும் செவிசாய்த்தது. 1978-க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உருவாகிவிட்டன.

திறப்பு விழாவுக்கு முன்பே இன்னும் இரண்டு விஷயங்களை மக்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். வாசல் கதவின் சாவி யாரிடம், எத்தனை மணிக்குத் திறப்பது என்பது ஒன்று. கோடை விடுமுறையில் பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் திடலால் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை. ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மற்றொன்று. அந்தத் தொலைபேசி எண்ணை வாசல் பலகையில் பெரிதாக எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளை அழைத்து, எதில் ஏறுகிறார்கள், எதைத் தொடுவதே இல்லை என்று பார்க்க வேண்டும். தொடாததை இடம் மாற்ற, முதல் மதிப்பீட்டிலேயே கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.