முகம் வரைய நிழலில் தொடங்குங்கள்

எண்ணெய் வண்ணத்தில் தத்ரூபமான முகம் வரையப் பழகுபவர்கள் தோல் நிறத்தைக் கலப்பதில்தான் முதலில் மல்லுக்கட்டுகிறார்கள். அதைத் தள்ளிப்போடுங்கள். ரா அம்பர் என்ற பழுப்பு ஒன்றை மட்டும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசி, வெளிச்சம் விழும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன மேடு ஆகியவற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். நிழல் பகுதியில் அதே பழுப்பை இன்னொரு முறை பூசினால் ஆழம் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் முகத்தைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள். இமை மயிர், சுருக்கம் எல்லாம் மறைந்து பெரிய நிழல் திட்டுகள் மட்டும் தெரியும். அவை சரியாக அமைந்தால் சாயல் பாதி வந்த மாதிரி. கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் மேல் இமையின் நிழல் விழுகிறது. அங்கே பளீர் வெள்ளை வைத்தால் முகம் பொம்மையாகிவிடும்.

நன்கு காய்ந்த பிறகு வண்ணம். மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் என்ற சிவப்பு, கறுப்பு, வெள்ளை நான்கே போதும். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் பிரபலமான கூட்டு அது. அடுத்தடுத்த பூச்சில் எண்ணெய் கூடிக்கொண்டே போகட்டும். தலைகீழாகச் செய்தால் மேற்பூச்சு வெடிக்கும். அப்புறம், அவ்வப்போது ஓவியத்தைக் கண்ணாடியில் பாருங்கள், லியொனார்டோ டா வின்சி சொன்ன யோசனைதான். கோணல் மூக்கு உடனே மாட்டிக்கொள்ளும்.