அமெரிக்காவில் படிக்கும் மாணவருக்கு இலவச ஃபோன்: லைஃப்லைன் விண்ணப்பம் போடுவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசு யாருக்கும் ஸ்மார்ட்ஃபோன் வாங்கித் தருவதில்லை. வருமானம் குறைந்தவர்களின் ஃபோன் அல்லது இணையக் கட்டணத்தில் மாதம் 9.25 டாலர் வரை தள்ளுபடி தருகிறது. அதற்குப் பெயர்தான் லைஃப்லைன். அந்தப் பணம் உங்கள் கைக்கு வராது, நேராக ஃபோன் கம்பெனிக்குப் போய்விடும். அதை வாங்குவதற்காக உங்களைச் சேர்த்துக்கொள்ளும் கம்பெனிகளில் சில, சேவையை முழு இலவசமாக்கி, கூடவே ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனையும் அனுப்பிவைக்கின்றன. ஆக, தள்ளுபடி அரசுடையது, ஃபோன் கம்பெனியுடையது. இது புரியாமல் "கவர்ன்மென்ட் ஃப்ரீ ஃபோன்" என்று தேடிக்கொண்டு போனால் கண்ட விளம்பரத்திலும் போய் விழ வேண்டியதுதான்.

(இன்னும் இதை "ஒபாமா ஃபோன்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திட்டம் தொடங்கியது 1985-ல், ரீகன் காலத்தில், வீட்டு ஃபோனுக்காக. செல்ஃபோனுக்கு வழி திறந்தது 2005-ல், புஷ் காலத்தில். ஒபாமா பாவம்.)

என் அக்கா மகன் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, இன்னும் இரண்டு பையன்களோடு அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கியபோது, அவனுக்காக இதை உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். அதன் பிறகு தெரிந்த குடும்பங்கள் சிலவற்றுக்கும் செய்தேன். இது இங்கே குடியேறி வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான பதிவு. எஃப்-1 விசாவில் வந்து படிப்பவர்கள் மலிவான ப்ரீபெய்டு திட்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்வதே நல்லது.

பழைய தகவலை முதலில் மறந்துவிடுங்கள்

கூகுளில் தேடினால் "பெல் கிராண்ட் வாங்கும் மாணவரா? உங்களுக்கு இலவச ஃபோன்" என்று பக்கம் பக்கமாக வரும். பெல் கிராண்ட் என்பது வருமானம் குறைந்த கல்லூரி மாணவருக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகை. அதைத் தகுதியாக எடுத்துக்கொண்டது ஏசிபி என்ற வேறொரு திட்டம். மாதம் 30 டாலர் இணையத் தள்ளுபடி தந்த திட்டம் அது. காசு தீர்ந்து, 2024 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி, ஜூன் 1-ம் தேதியோடு மூடிவிட்டார்கள். அதிலும் கருவிக்கான தள்ளுபடி லேப்டாப், டெஸ்க்டாப், டேப்லெட்டுக்குத்தான் இருந்தது, ஃபோனுக்கு இல்லை. லைஃப்லைனுக்குப் பெல் கிராண்ட் தகுதியாகாது. பள்ளியில் இலவச மதிய உணவு சாப்பிடுவதும் மத்திய அரசின் விதிப்படி ஆகாது. பெல் கிராண்டை இன்னும் தகுதி என்று சொல்லும் தளத்தை அந்த நிமிடமே மூடுங்கள்.

உங்களுக்குத் தகுதி உண்டா?

இரண்டு வழிகள் இருக்கின்றன. நீங்களோ உங்களைச் சார்ந்தவரோ ஸ்னாப் (உணவு உதவி), மெடிக்கெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடு), எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை), மத்திய அரசின் வீட்டு வாடகை உதவி, முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் இவற்றில் ஒன்றைப் பெறுவது ஒரு வழி. குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 135 சதவீதத்துக்குள் இருப்பது இன்னொரு வழி. 2025 கணக்குப்படி தனி ஆளுக்கு ஆண்டுக்கு 21,128 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 43,403 டாலர். அலாஸ்காவிலும் ஹவாயிலும் வரம்பு இதைவிட அதிகம். ஆண்டுதோறும் எண்கள் மாறும், விண்ணப்பிக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கெய்டுக்கு மாநிலத்துக்கு ஒரு பெயர். நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர், கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த். "நான் மெடிக்கெய்டில் இல்லை, ஃபேமிலிகேரில்தான் இருக்கிறேன்" என்று ஒரு பையன் தகுதியே இல்லையென்று விட்டுவிட்டிருந்தான்.

கிரீன் கார்டில் புதிதாக வந்தவர்களுக்கு, பெரியவர்கள் என்றால், ஸ்னாப்பும் மெடிக்கெய்டும் கிடைக்கப் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கல்லூரி மாணவருக்கு ஸ்னாப்பில் வேறொரு முட்டுக்கட்டையும் உண்டு. பாதி நேரமோ அதற்கு மேலோ படித்தால், வாரம் 20 மணி நேர வேலை, வொர்க்-ஸ்டடி (அரசு உதவியோடு மாணவருக்குத் தரும் பகுதி நேர வேலை) போன்ற விதிவிலக்கு ஒன்றில் வந்தாக வேண்டும். அதனால் நம்மவர்களில் பலர் வருமான வழியில்தான் போக வேண்டியிருக்கும். வீட்டில் குழந்தைக்கு மட்டும் மெடிக்கெய்ட் இருந்தால் அதை வைத்துப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். ஃபார்மில் அதற்கென்று தனிக் கேள்வியே இருக்கிறது.

விண்ணப்பிப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு என்றால் அம்மா அல்லது அப்பா பெயரில்தான் போட முடியும்.

காகிதங்கள்

ஸ்னாப் அல்லது மெடிக்கெய்ட் என்றால் அந்த அலுவலகம் அனுப்பிய ஒப்புதல் கடிதம். அதில் பெயர், திட்டத்தின் பெயர், கொடுத்த அலுவலகம், தேதி நான்கும் தெரிய வேண்டும். கடிதம் கடந்த 12 மாதங்களுக்குள் வந்ததாக இருக்கட்டும். வருமான வழி என்றால் போன ஆண்டு வரிப் படிவம், அல்லது தொடர்ச்சியாக மூன்று மாதத்துக்கான பே ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு. நடுவில் ஒரு வாரத்து ஸ்டப் விடுபட்டாலும் திரும்பி வரும். கேம்பஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள் சம்பளத் தளத்திலிருந்து பிடிஎஃப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

மேசையில் வைத்துச் சாய்வாக எடுத்த ஃபோட்டோ வேண்டவே வேண்டாம். ஐஃபோனில் நோட்ஸ் செயலியிலும் ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலும் ஸ்கேன் வசதி இருக்கிறது. நான்கு மூலையும் தெரிய எடுங்கள். தனியாக ஸ்கேனர் செயலி இறக்கி விளம்பரத்தோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

விண்ணப்பம்: கம்பெனிக்குப் போகாதீர்கள், நேராகப் போங்கள்

லைஃப்லைன் சப்போர்ட் டாட் ஆர்க் என்ற தளம்தான் அதிகாரப்பூர்வமானது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்காகத் திட்டத்தை நடத்தும் யூசாக் அமைப்பின் தளம் அது. அங்கே கணக்குத் தொடங்கினால் நேஷனல் வெரிஃபையர் என்ற சரிபார்ப்பு அமைப்புக்குள் போவீர்கள். சில மாநிலங்களுக்குச் சொந்தத் திட்டமும் தனி வழியும் உண்டு. உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் எங்கே போக வேண்டும் என்று அந்தத் தளமே காட்டிவிடும்.

கம்பெனிகளின் தளத்திலும், கடை வாசலில் கூடாரம் போட்டு நிற்கும் ஆட்களிடமும்கூட விண்ணப்பிக்க முடியும். நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அரசு தரும் ஒன்பது இலக்க அடையாள எண்) கடைசி நான்கு இலக்கமும் பிறந்த தேதியும் யாரோ ஒருவருடைய டேப்லெட்டில் ஏன் ஏற வேண்டும்? அதைவிட, முதலில் அரசுப் பக்கம் ஒப்புதல் வாங்கிவிட்டால் கம்பெனியை நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

பெயர்: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

மற்ற கேள்விகளெல்லாம் ஐந்து நிமிட வேலை. எங்களை நிறுத்தி வைத்தது பெயர்க் கட்டம்தான். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எந்த வழிகாட்டியிலும் இதற்கு விடை கிடையாது. காரணம், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

நம் பெயர்களைப் பாருங்கள். ஊரில் எடுத்த பாஸ்போர்ட்டில் சிலருக்கு ஒரே பெயர்தான், சர்நேம் கட்டம் காலி. அப்படி வந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது "முதல் பெயர் தெரியவில்லை" என்று அச்சாகிவிடும். அது சிலருக்குக் கிரீன் கார்டுக்கும் சோஷியல் செக்யூரிட்டி அட்டைக்கும் தொற்றிக்கொள்ளும். டிரைவிங் லைசென்ஸில் அப்பா பெயர் பின்னால் போகும். காலேஜில் அப்பா பெயர் முன்னால் வரும். சம்பளச் சீட்டில் வெறும் இனிஷியல். மனிதன் ஒருவன்தான், கணினிக்கு அவன் நான்கு பேர்.

நேஷனல் வெரிஃபையர் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மூன்றையும் சேர்த்துத்தான் ஆளைச் சரிபார்க்கிறது. மூன்றில் ஒன்று ஒட்டாவிட்டால் அடையாளத்தை உறுதி செய்ய முடியவில்லை என்று சொல்லிவிடும். அதற்குச் செய்ய வேண்டியது இதுதான்.

சோஷியல் செக்யூரிட்டி அட்டையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் முதல் பெயர், கடைசிப் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டில் தட்டுங்கள். உங்கள் பெயர் அழகாக இருக்க வேண்டிய இடம் இதுவல்ல. எஃப்என்யூ என்று இருந்தால் அதையும் அப்படியே போடுங்கள். அப்படியும் ஒட்டவில்லை என்றால் விண்ணப்பம் செத்துவிட்டது என்று பொருளில்லை. ஆவணம் ஏற்றச் சொல்லி அடுத்த பக்கம் வரும். அங்கே அரசு கொடுத்த அடையாள அட்டையை ஏற்றுங்கள். என் மருமகனுக்கு வேலை செய்தது லைசென்ஸ் அல்ல, கிரீன் கார்டு. சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் கிரீன் கார்டிலும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டு இருந்ததுதான் காரணம். ஃபார்மில் தட்டிய பெயரோடு எந்த ஆவணம் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதோ அதை ஏற்றுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

மறுபடி மறுபடி புதிய விண்ணப்பம் தொடங்காதீர்கள். ஒரே விண்ணப்பத்துக்குள் திரும்பிப் போய்த் திருத்துங்கள். குழம்பிவிட்டால் 800-234-9473 என்ற லைஃப்லைன் உதவி எண்ணில் கூப்பிட்டு விண்ணப்ப எண்ணைச் சொன்னால், எது ஒட்டவில்லை என்று பார்த்துச் சொல்வார்கள்.

முகவரியும் "குடும்பமும்"

தபால் பெட்டி எண்ணை வசிப்பிட முகவரியாக ஏற்கமாட்டார்கள். அபார்ட்மென்ட் எண்ணை அதற்கான தனிக் கட்டத்தில் போடுங்கள். முகவரியே கிடைக்கவில்லை என்று வந்தால் வரைபடத்தில் வீட்டின் மேல் புள்ளி வைக்க வழி இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு லைஃப்லைன்தான். ஆனால் இங்கே குடும்பம் என்றால் ஒரே முகவரியில் வரவு செலவைப் பகிர்ந்து வாழ்கிறவர்கள். அறைத்தோழர்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டாலும் அவரவர் சம்பளம் அவரவருக்கு என்றால் அவர்கள் தனித்தனிக் குடும்பம். அதே முகவரியில் வேறு ஒருவர் ஏற்கெனவே லைஃப்லைன் வாங்கிக்கொண்டிருந்தால் ஹவுஸ்ஹோல்ட் வொர்க்‌ஷீட் என்று ஒரு பக்கம் வரும். மற்ற பெரியவரோடு வருமானத்தையும் செலவையும் பகிர்கிறீர்களா என்பதுதான் அதன் சாரம். உண்மையை எழுதுங்கள், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்துதான் கையெழுத்துப் போடுகிறீர்கள். அம்மா வீட்டில் அம்மா செலவில் இருந்துகொண்டு, அம்மாவுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்பது நடக்காது.

ஒப்புதல் வந்த பிறகு

90 நாட்களுக்குள் ஒரு கம்பெனியில் சேர வேண்டும். தவறினால் விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதுதான். அதே தளத்தில் ஜிப் கோடு போட்டால் உங்கள் பகுதிக் கம்பெனிகளின் பட்டியல் வரும். அஷ்யூரன்ஸ் வயர்லெஸ், சேஃப்லிங்க் போன்ற பெயர்கள் பல மாநிலங்களில் தென்படும்.

தேர்ந்தெடுக்கும்போது என் வரிசை இது: முதலில் உங்கள் அறையிலும் காலேஜிலும் எந்த நெட்வொர்க் எடுக்கிறது, அடுத்து எவ்வளவு டேட்டா, கடைசியில்தான் ஃபோன். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இலவசமாக வரும் ஃபோன் பெரும்பாலும் அடிமட்ட மாடல். ஓரளவு நல்ல பழைய ஃபோன் வீட்டில் இருந்தால், அது அன்லாக் ஆனது (எந்தக் கம்பெனி சிம்மும் போட முடிவது) என்றால், சிம் மட்டும் கேளுங்கள். ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் வரும் ஐஎம்இஐ என்ற ஃபோனின் அடையாள எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டுப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளலாம். விதிப்படி குறைந்தபட்ச டேட்டா மாதம் 4.5 ஜிபிதான், சில காணொளி வகுப்புகளிலேயே கரைந்துவிடும். பாடத்தைக் காலேஜ் வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பொது நூலகங்கள் ஹாட்ஸ்பாட் கருவியையும் இரவல் தருகின்றன.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டு எண் கேட்டால் எதற்கென்று கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்த கம்பெனிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை 1: "மூன்று மாதத்தில் லைன் போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டணமே இல்லாத லைஃப்லைன் சேவையை 30 நாட்களுக்கு ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எச்சரித்து, 15 நாள் அவகாசம் கொடுத்துத் துண்டிப்பார்கள். வைஃபையில் வாட்ஸ்அப் பேசுவது இந்தக் கணக்கில் வராது. வாரம் ஒருமுறை சிம்மிலிருந்து ஒரு கால் போடுங்கள், அல்லது எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

பின்சேர்க்கை 2: ஆண்டுக்கொருமுறை தகுதியை மறு உறுதி செய்ய வேண்டும். யூசாக் முதலில் தானாகச் சரிபார்க்கப் பார்க்கும். முடியாதபோது கடிதம் வரும், 60 நாட்களுக்குள் பதில் போட வேண்டும். மாணவர்களுக்கு இங்கேதான் ஆபத்து. செமஸ்டர் முடிந்து வீடு மாறியிருப்பீர்கள், கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். முகவரி மாறினால் 30 நாட்களுக்குள் கம்பெனியிடம் சொல்லிவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: கம்பெனி பிடிக்காவிட்டால் மாறலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். மாறலாம். புதிய கம்பெனியிடம் சென்று தள்ளுபடியை மாற்றச் சம்மதம் கொடுத்தால் போதும். எண்ணும் கூட வர வேண்டுமானால், அது நடந்து முடியும்வரை பழைய லைனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள்.